ஆங்கில வகுப்புக்கு எந்தப் புத்தகம்? படிவம் 1 முதல் 5 வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் (படிவம் 1 முதல் 5 வரை, பதின்மூன்று முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள்) ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி ஆண்டு தொடங்கினால் போதும், பெற்றோர்களும் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களும் ஒரே மாதிரிக் கேள்விகளோடு வந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் வாட்ஸ்அப்பில், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல். ஆளுக்கு ஆள் தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்கு மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: பிள்ளை கடைசிப் பக்கம் வரை போய்ச் சேருகிற புத்தகம்தான் வகுப்புக்கு ஏற்ற புத்தகம். பெயர்பெற்றதா, விருது வாங்கியதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பாடநூல்தான் இருக்கிறதே, தனியாகப் புத்தகம் எதற்கு?

இருக்கிறது, மோசம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் இப்போதைய ஆங்கிலப் பாடநூல்கள் சி.இ.எஃப்.ஆர் என்கிற ஐரோப்பிய மொழித்தர அளவுகோலை ஒட்டி வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தயாரித்த பயிற்சி நூல்கள். அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை, கீழே சில கேள்விகள், பக்கத்தைத் திருப்பினால் வேறு விஷயம். நூறு பக்கக் கதைக்குள் நுழைந்து, பாத்திரங்களோடு பழகி, நடுவில் சலித்து, மறுபடி பிடித்துப்போய் முடிக்கிற அனுபவம் அதில் கிடைக்காது.

இலக்கியப் பகுதி என்று ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆங்கிலப் பாடத்துக்குள்ளேயே கவிதை, சிறுகதை, நாவல் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வில் 2021-லிருந்து அதற்குத் தனிக் கேள்வி கிடையாது. தேர்வில் வராத பாடத்துக்கு நம் ஊரில் என்ன கதி என்று உங்களுக்கே தெரியும். நாவல் புத்தகம் பையிலேயே பளபளவென்று புதுசாக இருக்கும், ஆண்டு முடிந்துவிடும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் 1-க்கு வந்திருக்கிறான். அவன் தரத்துக்கு ஏற்ற புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், சத்தமாக வாசிக்கச் சொல்லி எடைபோடாதீர்கள். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் ஆங்கிலத்தைத் தடங்கல் இல்லாமல் அழகாக வாசித்துவிடுவார்கள். மூன்று மொழி எழுத்துகளோடு ஆறு வருஷம் பழகிய வாய் அது. கேட்கிற அப்பா அம்மாவுக்குப் பெருமையாக இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு “என்ன சொல்றான்?” என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

நான் செய்வது இப்படி. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுக்கிறேன். முதல் பக்கம் வேண்டாம், எழுத்தாளர்கள் முதல் பக்கத்தை எப்போதும் கவனமாக இழைத்து வைத்திருப்பார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மனதுக்குள் வாசிக்கட்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 250 சொற்கள் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து விரலும் மடங்கினால் அது நூற்றுக்கு இரண்டு. யார் துணையும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு, ஆகவே ஐந்து விரல் என்பது சும்மா போட்ட எண் இல்லை. ஐந்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை இன்னும் ஒரு வருஷம் அலமாரியிலேயே வையுங்கள். ஒன்றுகூட மடங்கவில்லை என்றாலும் பாதகமில்லை, வேகமாக ஓடட்டும்.

அப்புறம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு நடந்ததைக் கேட்கிறேன், தமிழிலோ மலாயிலோ அவனுக்கு எது வசதியோ அதில். “ஒருத்தன் வர்றான் சார், அப்புறம் ஏதோ சண்டை” என்றால் பிடிபடவில்லை என்று அர்த்தம். “அண்ணன் சைக்கிள கேக்காம எடுத்துட்டுப் போய்ட்டான் சார், அதுக்குத்தான் சண்டை” என்றால் சரி, இந்தப் புத்தகம் இவனுக்கு ஆகும். என்ன நடந்தது என்பதைப் பாதி புரிந்தவன்கூடச் சொல்லிவிடுவான். எதனால் நடந்தது என்பதைச் சொல்ல முழுசாகப் புரிந்திருக்க வேண்டும்.

படிவம் 1-க்கு முன் ஓர் ஆண்டு படிக்கும் புகுமுக வகுப்பு வழியாக வரும் பிள்ளைகளுக்கும் இதே சோதனைதான். அவர்களை அங்கே அனுப்பியது மலாய் மொழித் தரத்தைப் பார்த்து. ஆங்கிலத்தில் அவர்களில் சிலர் நேராகப் படிவம் 1-க்கு வந்தவர்களைவிட முன்னே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எளிமைப்படுத்திய கதைப் புத்தகங்கள் மட்டமானவை என்கிறார்களே?

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஏற்கெனவே கரை ஏறியவர்கள்தான் சொல்வார்கள்.

தரம் பிரித்த கதைப் புத்தகங்கள் ஒரு சொல் வரம்புக்குள் எழுதப்படுபவை. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் படியில் 400 அடிப்படைச் சொற்கள், இரண்டாம் படியில் 700, மூன்றாம் படியில் 1000, அப்படியே ஏறி ஆறாம் படியில் 2500. படிவம் 1 பிள்ளை இரண்டாம் படிப் புத்தகம் ஒன்றை ஒரு வார இறுதியில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்பான். அதே பிள்ளையிடம் ஷேக்ஸ்பியர் மூலத்தைக் கொடுத்தால் மூன்றாம் வரியில் ஃபோனை எடுப்பான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. புகழ்பெற்ற நாவலைச் சுருக்குகிறோம் என்று எலும்பு மட்டும் மிச்சம் வைத்த புத்தகங்களும் விற்கின்றன, விலையும் மலிவு. அவற்றில் உரையாடலே இருக்காது, ‘அவன் போனான், அவள் அழுதாள், கப்பல் மூழ்கியது’ என்று செய்தி வாசிப்பது போல ஓடும். கடையில் நின்றபடியே நாலு பக்கம் புரட்டுங்கள். யாராவது யாரிடமாவது பேசுகிறார்களா, ஏதாவது ஓர் இடம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

படக்கதை, காமிக்ஸ் எல்லாம் படிப்பில் சேருமா?

தாராளமாகச் சேரும். நம் நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த ‘தி கம்போங் பாய்’ 1979-இல் வந்தது. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் வளரும் ஒரு மலாய்ப் பையனின் கதை, எழுத்து முழுக்கக் கையாலேயே எழுதியிருக்கும், சொற்களும் கடினம் இல்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் எழுத்து ஒன்று சொல்லும், படம் வேறொன்று சொல்லும். நான் வகுப்பில் எழுத்தை மட்டும் மறைத்துவிட்டுப் படத்துக்கு அவர்களையே இரண்டு வரி எழுதச் சொல்வேன், பிறகு லாட் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பின் வரிசைக்காரர்கள்கூட அன்றைக்குப் பேனாவைக் கீழே வைப்பதில்லை.

நம்மைப் பற்றிய கதைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றனவா? அவற்றை மட்டும் கொடுத்தால் என்ன?

இருக்கின்றன. கெடா, பீடோங்கில் பிறந்த கே.எஸ்.மணியம் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ 1981-இல் வெளிவந்தது. சலவைத் தொழிலாளியின் மகன் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறான், வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் அவன் படும் பாடுதான் நாவல். ஒரு காலத்தில் இதுவே படிவம் 5 இலக்கியப் பகுதியில் பாட நாவலாக இருந்தது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. முழு நாவலும் படிவம் 3-க்குக் கனம். படிவம் 4, 5-இல் பள்ளிக்கூடம் வரும் பகுதிகளை மட்டும் எடுத்துப் படிக்கலாம், நம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வர நிறைய விஷயம் இருக்கிறது.

“மட்டும்” என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. ஒன்று, இடைநிலைப்பள்ளி வகுப்பில் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆண்டு முழுக்க நம் கதையையே வாசித்தால் அவர்கள் எங்கே போவார்கள்? இரண்டு, நம் பிள்ளைகளே எப்போதும் ரப்பர்த் தோட்டத்தையும் வறுமையையும் படிக்க விரும்புவதில்லை. விண்வெளிக் கதையும் துப்பறியும் கதையும் கேட்கிறார்கள், கேட்கட்டுமே. ‘உனக்கு உன் ஊர்க் கதைதான்’ என்று நாமே வேலி போடக் கூடாது. ஓர் ஆண்டில் ஒன்றாவது இந்த மண்ணின் கதையாக இருக்கட்டும், அதுபோதும்.

சாதி, இனக்கலவரம், மனநோய் மாதிரி விஷயங்கள் வரும் புத்தகத்தைக் கொடுக்கலாமா?

பாடப் புத்தகத் தகராறு நம் சமூகத்துக்குப் புதிதில்லை. 1971-இல் வெளியான ‘இன்டர்லோக்’ நாவலைப் படிவம் 5 மலாய் இலக்கியத்துக்கு வைத்தபோது, இந்தியர்களைப் பற்றி அதில் வந்த ஒரு சாதிச் சொல்லுக்கும் சித்திரிப்புக்கும் எதிர்ப்பு எழுந்து, 2011 முழுக்க நாட்டில் அதே பேச்சாக இருந்து, கடைசியில் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நேரத்தில் கையெழுத்து வேட்டையில் இறங்கியவர்களிலும் சரி, நாவலை ஆதரித்துப் பேசியவர்களிலும் சரி, முழுப் புத்தகத்தையும் படித்தவர்கள் எத்தனை பேர் என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அதனால் என் விதி எளிது. ஆசிரியர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே படிக்காத எதையும் வகுப்புக்குள் கொண்டுபோகக் கூடாது. பின்னட்டையையும் இணையச் சுருக்கத்தையும் நம்பக் கூடாது. சங்கடமான இடம் எந்தப் பக்கத்தில் வருகிறது, அதற்கு முந்தின நாள் வகுப்பில் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதல்வரிடமும் வள மைய (பள்ளி நூலக) ஆசிரியரிடமும் புத்தகத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். பெற்றோருக்கு ஒரு பத்தியில் கடிதம்: இன்ன புத்தகம், இன்ன காரணம், இதில் இன்னது வரும், வேண்டாம் என்றால் மாற்றுப் புத்தகம் உண்டு. இதைச் செய்துவிட்டால் தொண்ணூறு பங்கு சண்டை வராது. ஒளித்து வைத்தால்தான் வரும்.

உதாரணத்துக்கு ஹன்னா அல்காஃப் எழுதி 2019-இல் வந்த ‘தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’. 1969 மே 13 இனக்கலவரத்தின்போது கோலாலம்பூரில் சிக்கிக்கொள்ளும் பதினாறு வயதுப் பெண்ணின் கதை, அவளுக்குத் தீராத எண்ணச் சுழல் நோயும் (ஓ.சி.டி) இருக்கிறது. படிவம் 5 பிள்ளைகளோடு பேச அருமையான புத்தகம். படிவம் 2-க்குக் கொடுக்கமாட்டேன். காரணம் அரசியல் இல்லை, சாவும் பயமும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன, பதினான்கு வயதில் எல்லாப் பிள்ளையும் அதைத் தாங்கும் நிலையில் இருப்பதில்லை.

காதல் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: உங்கள் வீட்டில் ஓடும் சீரியலைவிடக் குறைவாகத்தான் வருகிறது.

வகுப்புக்கே ஒரே புத்தகமா, ஆளுக்கொன்றா?

இரண்டும் வேண்டும். எல்லாரும் சேர்ந்து படிக்கும் புத்தகம் ஆண்டுக்கு ஒன்று போதும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறானே, அவனை அளவாக வைக்காதீர்கள், அவன் எதைக் கொடுத்தாலும் படிப்பான். வகுப்பின் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் பிள்ளையை மனதில் வைத்துத் தேடுங்கள். மீதி நாள்களில் பாடத்தின் முதல் பத்து நிமிடம் ஆளுக்கொரு புத்தகம், அவரவர் விருப்பம், கேள்வித்தாள் கிடையாது, ஆசிரியரும் உட்கார்ந்து தன் புத்தகத்தைப் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

இத்தனை புத்தகத்துக்குக் காசு எங்கே?

பினாங்குக்காரர்களுக்கு முதல் இடம் சௌராஸ்தா மார்க்கெட் மாடி. கீழே ஜாதிக்காய் ஊறுகாய் வாங்க வருகிறவர்கள் பாதிப் பேர் மேலே ஏறுவதே இல்லை, ஏறினால் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பயிற்சி நூல்களுக்கு நடுவே கதைப் புத்தகங்களும் கிடைக்கும். பேரம் பேசலாம், ஆனால் அளவோடு. வாங்குமுன் நடுப்பக்கங்கள் இருக்கின்றனவா, உள்ளே யாரோ பென்சிலில் விடை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீவில் இல்லாமல் பினாங்கின் பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு செபராங் ஜெயாவில் பொது நூலகம் இருக்கிறது. கோலாலம்பூரில் என்றால் துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம்.

இணையத்தில் இலவசமாக வேண்டும் என்றால் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தைப் பாருங்கள். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ரொம்பவே தடுமாறும் படிவம் 1 பிள்ளைக்கு, முதலில் தமிழில் படித்துவிட்டு அதே கதையை ஆங்கிலத்தில் படிப்பது நல்ல தொடக்கம், கதை சின்னப் பிள்ளைகளுக்கானது என்று அவன் முகம் சுளிக்காத வரைக்கும். பிரிட்டிஷ் கவுன்சிலின் பதின்ம வயதினருக்கான தளத்தில் சி.இ.எஃப்.ஆர் நிலைவாரியாக வாசிப்புப் பகுதிகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை.

வருமான வரி கட்டுபவரா? புத்தகம் வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரி விலக்கில் புத்தகமும் சேரும்.

முழுப் புத்தகத்தையும் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுக்கலாமா?

கூடாது. 1987 பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது, பள்ளிக்கூடம் என்பதற்காகப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படியெடுக்க அனுமதி இல்லை. ஆனால் ஸ்டோரிவீவர் கதைகளை அச்சிட்டுப் பகிரலாம், அவற்றின் உரிமமே அப்படித்தான். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து ஐம்பது ஆண்டு கடந்த படைப்புகளுக்கும் தடையில்லை.

வகுப்பில் தமிழில் விளக்கினால் ஆங்கிலம் வராதா?

வரும். கலப்பு வகுப்பில் ஆசிரியர் தமிழில் பாடம் நடத்த முடியாது, அது நியாயமும் இல்லை. ஆனால் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் கதையைத் தமிழில் பேசித் தீர்த்துக்கொண்டு அப்புறம் ஆங்கிலத்தில் எழுதினால் நான் தடுப்பதில்லை. வீட்டில் இன்னும் வசதி. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, “இன்னைக்கு எதுவரைக்கும் படிச்ச, சொல்லு” என்று கேட்கத் தமிழ் போதும். சொல்லத் தொடங்கும்போதுதான் எந்த இடம் தனக்கே புரியவில்லை என்று பிள்ளைக்கு உறைக்கும்.

என் மகன் கால்பந்து தவிர எதையும் தொடமாட்டான்.

கால்பந்தையே கொடுங்கள். ஆட்டக்காரர்களின் வாழ்க்கைக் கதை, ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம். ‘தி ஸ்டார்’ 1971-இல் நம் பினாங்கில் தொடங்கிய பத்திரிகை, அதன் பின்பக்கத்திலிருந்து வாசிக்கப் பழகி முன்பக்கத்துக்கு வந்தவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். ஆட்டத்தை ஏற்கெனவே டிவியில் பார்த்திருப்பதால் தெரியாத சொல்லையும் ஊகித்துவிடுவான்.

இதெல்லாம் எஸ்.பி.எம்-இல் எதற்கு உதவும்?

முதல் தாள் வாசிப்பு, ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்வி. மெதுவாக வாசிப்பவனுக்குப் பதில் தெரிந்தாலும் நேரம் போதாது. வேகம் பயிற்சித்தாளால் வருவதில்லை, நிறையப் படித்துத்தான் வரும். இரண்டாம் தாளின் கடைசிப் பகுதியில் 200 முதல் 250 சொல்லில் எழுத வேண்டும். கட்டுரை, அறிக்கை, விமர்சனம், கதை என்று ஏதாவது வரலாம். ஒரு புத்தகத்தைக்கூட முழுசாக முடிக்காதவன் விமர்சனம் எழுதினால் எல்லாம் “வெரி இன்ட்ரஸ்டிங்” என்றே முடியும். கேட்டல் தேர்வும் இருக்கிறது, அதற்கு ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டு அச்சுப் புத்தகத்தில் கண்ணால் தொடர்ந்து போவது நல்ல பழக்கம்.

நிலாம் பதிவுக்காகத்தான் படிக்கிறாள். பரவாயில்லையா?

நிலாம் என்பது பிள்ளைகள் படித்த புத்தகங்களைப் பதிந்து வைக்கும் பள்ளி வாசிப்புத் திட்டம். படித்துவிட்டுப் பதிந்தால் பரவாயில்லை. பலர் படிப்பதே இல்லை, சுருக்கத்தை இணையத்திலிருந்து இறக்கிப் பதிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். என் வகுப்பில் சுருக்கம் கேட்பதில்லை. “இந்தப் புத்தகத்தில் யார்மேல் உனக்குக் கோபம் வந்தது, எந்தப் பக்கத்தில்?” என்று கேட்பேன். பக்க எண்ணோடு பதில் சொல்ல வேண்டுமென்றால் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பள்ளியில் இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கேட்டால் பிள்ளைமேல் பாய்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கேட்காதீர்கள், அங்கே எல்லாரும் தற்காப்பு ஆட்டம்தான் ஆடுவார்கள். ஆங்கில ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். “சிக்கு (மலாயில் ஆசிரியரை அழைக்கும் சொல்), இந்த வருஷம் பிள்ளைகள் என்ன நாவல் படிக்கிறார்கள், வீட்டில் நான் என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். நாவலே படிக்கவில்லை என்றால் அந்தக் கேள்வியிலேயே விஷயம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கையில் நல்ல நிலையில் இருக்கும் பழைய கதைப் புத்தகம் நாலைந்து இருந்தால் வகுப்பு அலமாரிக்கென்று கொண்டுபோய்க் கொடுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் கொடுக்காதீர்கள், சாமான்களோடு சாமானாகப் பெட்டியில் கட்டிவிடுவார்கள். ஆண்டு தொடங்கிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கொண்டுபோனால் மறுநாளே பிள்ளைகள் கைக்கு வந்துவிடும்.